மந்திரி போகாத மூலை

பரணி கண்ணா,

போன ஞாயிற்றுக்கிழமை கல்யாணப் பத்திரிகை உறைகளில் பெயர் எழுத நாம் மூவரும் கூடத்தில் தரையில் உட்கார்ந்திருந்தோம். அப்பா ஒவ்வொரு உறையின் மூலையிலும் மஞ்சள் தொட்டு வைத்துக்கொண்டிருந்தார். நீ தலையைத் தூக்காமலே கேட்டாய், "அம்மா, கோவிச்சுக்காத. நீ எப்படி ஒத்துக்கிட்ட?" நான், "எழுத்து கோணலா போகுது பாரு, நேரா எழுது" என்று சொல்லித் தப்பித்துக்கொண்டேன். அப்பா மட்டும் சிரித்தார். அவருக்குப் பாதி தெரியும். மீதிப் பாதி எனக்கும் எஸ்தருக்கும்தான் தெரியும். இதை அவள் உன்னிடம் சொல்லியிருக்க மாட்டாள் என்று நினைக்கிறேன். நான்தான் சொல்ல வேண்டும் என்று விட்டிருப்பாள். நேரில் சொல்ல ஆரம்பித்தால் நீ நடுவில் ஏதாவது கேட்பாய், நான் பாதியில் எழுந்து அடுப்பைப் பார்க்கப் போய்விடுவேன். அதனால் எழுதுகிறேன். இன்னும் சில நாளில் நீ வேறு வீட்டுக்குக் குடிபோகிறவன். சாவகாசமாகப் படி.

நீ அவளை முதன்முதலாக நம் வீட்டுக்கு அழைத்து வந்த நாள் உனக்கும் நினைவிருக்கும். நாவலூரில் பந்து விளையாடப் போய் முழங்காலைத் திருகிக்கொண்டாய், கேளம்பாக்கத்தில் ஒரு பிசியோதெரபி நிலையத்துக்குப் போகிறேன் என்றாய். கால் சரியான பிறகும் ஏன் அங்கே போய்க்கொண்டிருந்தாய் என்று எனக்குத் தெரியாது. ஒரு சனிக்கிழமை அவளோடு வாசலில் நின்றாய். அவள் அந்த நிலையத்தில் பிசியோதெரபிஸ்ட், கேளம்பாக்கத்துக்காரி, அப்பா லாரி மெக்கானிக், வீட்டில் எல்லோரும் ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவர்கள். இதையெல்லாம் நீ எனக்கு முன்கூட்டிச் சொல்லவில்லை. மதம்தான் எனக்குப் பிரச்சினை என்று நீ நினைத்தாய். அது இல்லவே இல்லை என்று சொன்னால் பொய். ஆனால் அதைவிடப் பெரிதாக உறுத்தியது வேறு. பள்ளிக்கூடத்தில் யார் உன் பென்சிலை எடுத்தார்கள் என்பது வரை என்னிடம் வந்து சொல்கிற பிள்ளை, இவ்வளவு பெரிய முடிவை எடுத்து முடித்த பிறகு என்னைப் பார்வையாளராகக் கூப்பிட்டிருந்தான். அந்தக் கோபத்தை உன்மேல் காட்ட முடியாமல் அவள்மேல் காட்டினேன். காட்டினேன் என்றால் ஒன்றும் சொல்லவில்லை. காபி கொடுத்தேன், முறுக்கு வைத்தேன், சமையலறைக்குள் போய்விட்டேன்.

நீயும் அப்பாவும் மாடியில் தண்ணீர்த் தொட்டியைப் பார்க்கப் போயிருந்தபோது அவள் சமையலறை வாசலில் வந்து நின்றாள். "ஆன்ட்டி, ஷோகேஸ்ல இருக்கிற கப்பெல்லாம் நீங்க செஸ்ல ஜெயிச்சதா?" என்று கேட்டாள். கல்லூரியில் வாங்கியது என்றேன். "நானும் ஆடுவேன் ஆன்ட்டி. பஸ்ல போறப்ப போன்ல. ஆனா மொக்கையா ஆடுவேன். ஆயிரத்து நூறு தாண்டினதே இல்ல" என்றாள். "ஓ" என்றேன். அந்த ஒற்றை எழுத்தை நான் எப்படிச் சொன்னேன் என்று எனக்குத் தெரியும். அதற்குமேல் பேச்சு வளராத மாதிரிச் சொன்னேன்.

நான் போனில் என்ன ஆடுகிறேன் என்று நீ கவனித்ததில்லை. வங்கியிலிருந்து ஓய்வுபெற்ற பிறகு, போட்டிகளுக்குப் போய் நாள் முழுக்க நாற்காலியில் உட்கார இடுப்பு ஒத்துழைக்கவில்லை. அதனால் இந்த மெதுவான ஆட்டம். முன்பெல்லாம் தபால் அட்டையில் ஒரு நகர்த்தலை எழுதி அனுப்பிவிட்டுப் பதிலுக்காக வாரக்கணக்கில் காத்திருப்பார்கள். அதேதான் இப்போது போனில். ஒரு நகர்த்தலுக்கு மூன்று நாள் அவகாசம். காய்கறி நறுக்கும்போதும், கேம்ப் ரோட்டில் சிக்னலுக்காக நிற்கும்போதும் மனசுக்குள் காய்கள் நகரும். எனக்கு அதில் ஆயிரத்துத் தொள்ளாயிரத்தை ஒட்டி ஒரு ரேட்டிங் உண்டு. ஆயிரத்து நூறுக்கும் அதற்கும் என்ன தூரம் என்று உனக்குப் புரியும்படி சொல்கிறேன். நீ ஐந்தாம் வகுப்பில் படித்தபோது உன்னோடு ஆடுகையில் என் ராணியை எடுத்து வைத்துவிட்டு ஆடுவேனே, அந்தத் தூரம்.

அவள் வந்துபோன அதே வாரம், போனில் ஆட ஓர் அழைப்பு வந்திருந்தது, என் பெயரைத் தேடிக் கண்டுபிடித்து அனுப்பியிருந்தாள். எஸ்தர். மூன்று நாளைக்கு ஒரு நகர்த்தல். எனக்கு வெள்ளைக் காய், அவளுக்குக் கறுப்பு. மறுத்துவிடலாம் என்று விரலைக் கொண்டுபோனேன். பிறகு, இருபது நகர்த்தலில் முடித்துக்காட்டலாம் என்று ஒரு சின்னக் குரூரம் வந்தது. ஏற்றுக்கொண்டேன்.

முதல் சில நகர்த்தல்களிலேயே ஒரு சிப்பாயைத் தொலைத்தாள். கொஞ்ச நாளில் இன்னொன்று. ஆனால் ஒவ்வொரு நகர்த்தலோடும் இரண்டு வரி எழுதி அனுப்புவாள். "ஆன்ட்டி, இங்க செம மழை. பஸ் ஸ்டாண்ட் முழுக்க தண்ணி. தாம்பரத்துல எப்படி?" நான் பதில் எழுதாமல் காயை மட்டும் நகர்த்துவேன். அவள் அடுத்த தடவையும் எழுதுவாள். அவள் அம்மாவின் தையல் மெஷின் பழுதானது, பேஷன்ட் ஒருவர் முதல் தடவையாகத் தானே சட்டைப் பொத்தான் போட்டுக்கொண்டது, நீ டீக்கடையில் பஜ்ஜியை நாலாவது தடவையாகத் தட்டில் போட்டுக்கொண்டது. ஒருநாள், "ஆன்ட்டி, உங்க குதிரை என்ன பண்ணுதுனே புரியல. பயமா இருக்கு" என்று வந்தது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "பயப்படு" என்று ஒற்றை வார்த்தை அனுப்பினேன். அதுதான் நான் அவளுக்கு எழுதிய முதல் பதில். அடுத்த நாள் காலையில் பால் பாத்திரத்தை அடுப்பில் வைத்துவிட்டு, அவள் நகர்த்தியிருக்கிறாளா என்று பார்த்தேன். நகர்த்தலைப் பார்க்கவா, கூட வரும் இரண்டு வரியைப் பார்க்கவா என்று அன்றைக்கு எனக்கே தெரியவில்லை. பால் பொங்கிவிட்டது.

பிறகு அந்த வெள்ளிக்கிழமை வந்தது. நீ வேலை முடிந்து நேராகச் சேலையூரில் நம் வீட்டுக்கு வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல், "ரிஜிஸ்டர் ஆபீஸ்ல பண்ணிக்கிறோம். அவங்க சைடும் சர்ச் சர்ச்னு நிக்கிறாங்க, நீயும் குன்றத்தூர் கோயில்னு நிக்கிற. எனக்கு யாரோடவும் சண்டை போட முடியாது. வரணும்னா வாங்க" என்றாய். அடையை வார்த்துத் தட்டில் போட்டேன். நீ சாப்பிடவில்லை. வண்டிச் சத்தம் தெரு முனை வரை கேட்டது. நான் நாற்காலியில் உட்கார்ந்து போனை எடுத்தேன். என்னுடைய முறை. வலது ஓரத்தில் அவளுடைய சிப்பாய் ஒன்று தனியாக நின்றிருந்தது. பக்கத்து வரிசையில் இருந்த என் சிப்பாயால் அதை வெட்டினேன். ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. மூன்று நாள் இருந்தது கண்ணா, மூன்று நாள். இருந்தும் உன்மேல் இருந்த கோபத்தை அந்த ஓரத்துச் சிப்பாய்மேல் இறக்கினேன்.

அந்த வெட்டு என்ன செய்தது என்று சொல்லிவிடுகிறேன், பின்னால் நடந்தது உனக்கு விளங்க அது வேண்டும். என்னிடம் மிஞ்சியிருந்தவை ஒரு மந்திரியும் இரண்டு சிப்பாய்களும். ஒன்று இடப்பக்கம், இன்னொன்று இப்போது வலது ஓரத்தில். மந்திரி குறுக்காக ஓடும், தான் பிறந்த நிறத்துக் கட்டத்தை விட்டு மாறாது. என் மந்திரி வெள்ளைக் கட்டத்து மந்திரி. வலது ஓரத்துச் சிப்பாய் போய் ராணியாக வேண்டிய அந்தக் கடைசி மூலையோ கறுப்புக் கட்டம். எதிராளியின் ராஜா அந்த மூலையில் போய் உட்கார்ந்துவிட்டால், என் மந்திரியால் அவரை அங்கிருந்து கிளப்பவே முடியாது. உலகத்தில் யார் ஆடினாலும் முடியாது. ஆனால் எனக்கு இடப்பக்கச் சிப்பாயும் இருந்தது. அது ஒன்று போதும் ஜெயிக்க. அதனால் நான் கவலைப்படவில்லை.

கொஞ்ச நாள் கழித்து எஸ்தர் தன் குதிரையைக் கொண்டுவந்து அந்த இடப்பக்கச் சிப்பாயை வெட்டினாள். அவளிடம் மிஞ்சியிருந்த ஒரே காய் அது. என் ராஜா அந்தக் குதிரையை எடுத்துக்கொண்டது. பார்க்கிறவர்களுக்கு, சின்னப் பெண் தெரியாமல் கடைசிக் குதிரையையும் தூக்கிக் கொடுத்துவிட்டாள் என்று தோன்றும். அவளுடைய ராஜா அடுத்த நகர்த்தலில் மூலையை நோக்கி நடக்க ஆரம்பித்தது. இரண்டு அடியில் போய் உட்கார்ந்துவிட்டது. கூடவே ஒரு செய்தி, "ஆன்ட்டி, டிரா வெச்சுக்கலாமா?"

எனக்கு முதலில் காது சூடானது. ஆயிரத்து நூறு ரேட்டிங் உள்ளவர்கள் குதிரையைக் கொடுத்து மூலைக்கு ஓட மாட்டார்கள். அது படித்துத் தெரிந்துகொள்ளும் விஷயம், இல்லையென்றால் கம்ப்யூட்டர் சொல்ல வேண்டும். ஆட்டம் நடக்கும்போது கம்ப்யூட்டரைக் கேட்கக் கூடாது என்பது விதி. நீ சொல்லிக் கொடுத்திருப்பாய் என்று நினைத்தேன். இருவருமாக உட்கார்ந்து அம்மாவை ஏமாற்றிச் சிரிக்கிறீர்கள் என்று நினைத்தேன். டிராவுக்குப் பதில் சொல்லாமல் என் மந்திரியை இங்கும் அங்குமாக நகர்த்திக்கொண்டிருந்தேன். அதில் ஒரு பிரயோஜனமும் இல்லை என்று தெரிந்தும் நகர்த்தினேன். அவள் ஒவ்வொரு தடவையும் ராஜாவை மூலையிலிருந்து ஒரு கட்டம் வெளியே வைத்து, மறுபடி உள்ளே வைத்தாள். இரண்டு வரி எழுதுவதை மட்டும் நிறுத்திவிட்டாள்.

அப்பாவிடம் சொன்னேன். அவருக்குக் குதிரை எப்படித் தாண்டும் என்றுகூடத் தெரியாது, ஆனால் பொறுமையாகக் கேட்டார். "சந்தேகமா இருந்தா நேர்ல போய்க் கேட்டுடு. மனசுல வெச்சுக்கிட்டு மருமகளோட எப்படிப் பழகுவ?" என்றார்.

"மருமகளா? அதுக்குள்ளயா?"

"அதெல்லாம் எப்பவோ ஆயாச்சு. இந்த வீட்ல நீ ஒருத்திதான் பாக்கி" என்று சொல்லிவிட்டுப் பேப்பரைப் பிரித்துக்கொண்டார்.

மறுநாள் காலை தாம்பரத்தில் பஸ் ஏறினேன். வண்டலூர் திரும்பி, மாம்பாக்கம் தாண்டும் வரை, என்ன கேட்க வேண்டும் என்று வாக்கியங்களை அடுக்கிக்கொண்டே போனேன். மரியாதையாக, ஆனால் தப்பிக்க முடியாதபடி. கேளம்பாக்கத்தில் இறங்கி விசாரித்து அந்த நிலையத்தைக் கண்டுபிடித்தேன். மருந்துக்கடைக்கு மேலே முதல் மாடி. முன்னறையில் யாரும் இல்லை. ஒரு நீலத் திரைக்குப் பின்னால் பேச்சுக்குரல் கேட்டது. திரை பாதி விலகியிருந்தது.

ஒரு மேஜைமேல் பெரிய செஸ் போர்டு. அதற்கு முன்னால் காக்கிச் சட்டை போட்ட ஒருவர், ஐம்பது வயதிருக்கும். அவர் ஆட்டோ ஓட்டுகிறவர், பக்கவாதம் வந்து வலது கை விழுந்துவிட்டது என்று பிறகு தெரிந்துகொண்டேன். எஸ்தர் அவருடைய முழங்கையைத் தாங்கிப் பிடித்தபடி எனக்கு முதுகைக் காட்டி நின்றிருந்தாள். அவர் நடுங்கும் விரல்களால் ஒரு காயைப் பற்றித் தூக்கி, போர்டின் கோடியில் இருக்கும் மூலைக்குக் கொண்டுபோய்க்கொண்டிருந்தார். போர்டைப் பார்த்தேன். மூலைக்குப் பக்கத்தில் கறுப்பு ராஜா. ஓரத்தில் ஒரு வெள்ளைச் சிப்பாய். என் ஆட்டம் அது. அவர் கையில் இருந்தது என் மந்திரி.

"அண்ணா, அது அங்க போவாது. வேற கட்டத்துல வைங்க" என்றாள் எஸ்தர்.

"அட இன்னாம்மா நீ. அந்த மூலைதான் தூரமா கீது. அங்க வெச்சாதான கை நல்லா நீளும்? போன வாட்டியும் இதேதான் சொன்ன."

"கை நீளும்ணா, ஆனா அந்தக் காய் வெள்ளைக் கட்டத்துலயே சுத்திகினு இருக்கிற காய். அந்த மூலை கறுப்பு."

"இம்மாம் பெரிய ஆளு, ஒரு மூலைக்குப் போவ முடியாதா?"

"முடியாதுண்ணா" என்று அவள் சிரித்தாள். "நீங்க அன்னிக்கு அங்க வெக்கப் பார்த்தீங்கல்ல, அப்பதான் எனக்கே தோணுச்சு. அதனாலதான் நான் இன்னும் பொழைச்சுகினு கீறேன்."

நம் வீட்டில் ஆன்ட்டி, ஆன்ட்டி என்று அளந்து பேசிய பெண் இங்கே தன் ஊர்ப் பேச்சைப் பேசிக்கொண்டிருந்தாள். அது அவளுக்கு அழகாக இருந்தது. நான் பஸ்ஸில் அடுக்கிய வாக்கியம் ஒன்றுகூட நினைவுக்கு வரவில்லை. திரையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவர்தான் என்னைப் பார்த்து, "யாரோ வந்துகீறாங்க பாரும்மா" என்றார்.

திரும்பியவளுக்கு முகம் வெளுத்துப்போனது. "ஆன்ட்டி! எப்ப வந்தீங்க? அங்கிளுக்கு ஏதாவது..."

"அங்கிள் நல்லா இருக்கார். இது நம்ம ஆட்டமா?"

"ஆமா ஆன்ட்டி. அண்ணாவுக்கு விரல் பிடி வரணும். சும்மா பந்தைத் தூக்குனு சொன்னா போர் அடிக்குதுங்கறாரு. அதான் நம்ம ஆட்டத்தை வெச்சு, தூக்கித் தூக்கி வைக்கச் சொல்றேன். அவருக்கும் யார் ஜெயிக்கறாங்கனு ஒரு இது."

குதிரையை ஏன் கொடுத்தாய் என்று கேட்டேன். அவள் சொன்ன பதிலைக் கேட்டு நான் அங்கேயே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். மூலையில் ராஜா பத்திரமாக இருக்கும் என்பது வரைதான் அவளுக்குத் தெரிந்திருக்கிறது. குதிரையை நான் எடுக்க மாட்டேன் என்று நினைத்தாளாம். அப்படியே எடுத்தாலும் என் ராஜா தூரமாகப் போய்விடும், அதற்குள் தன் ராஜா என் ஓரத்துச் சிப்பாயைப் பிடித்துச் சாப்பிட்டுவிடும், ஒருவேளை தான் ஜெயிக்கக்கூடும் என்று கணக்குப் போட்டாளாம். எதை வைத்து ஜெயிக்க? அவளிடம் காயே இல்லை. "அதை அப்புறமாத்தான் பார்த்தேன் ஆன்ட்டி" என்று நாக்கைக் கடித்துக்கொண்டாள். நகர்த்தல் சரி, காரணம் முழுக்கத் தப்பு. எந்தக் கம்ப்யூட்டரும் அப்படி ஒரு காரணத்தைச் சொல்லிக் கொடுக்காது. நீயும் சொல்லிக் கொடுத்திருக்க முடியாது, உனக்கு அந்த அளவுக்குக் கற்பனை போதாது.

அவள் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள், "யாரோ சொல்லித் தந்தாங்கனு நினைச்சீங்களா ஆன்ட்டி?"

"நினைச்சேன்" என்றேன்.

அவள் கோபப்படவில்லை. "பரணி கேட்டாரு. எல்லா மூவும் கம்ப்யூட்டர்ல பார்த்துச் சொல்றேன், நீ அம்மாகிட்ட ஜெயிச்சா அம்மாவுக்கு உன்னைப் பிடிச்சுப்போயிடும்னாரு. எனக்கு ரொம்பக் கோவம் வந்துச்சு. ரெண்டு நாள் அவரோட பேசல." நடுவில் ஒரு சனி ஞாயிறு நீ வீட்டில் ஒரு மூலையில் சுருண்டு படுத்திருந்தாயே, ஜலதோஷம் என்றாயே, அது எந்த ஜலதோஷம் என்று எனக்கு அங்கேதான் தெரிந்தது.

"அப்புறம் எதுக்கும்மா என்னோட ஆட வந்த? தோத்துடுவேன்னு தெரிஞ்சே?" என்று கேட்டேன். அம்மா என்று அவளை நான் கூப்பிட்டது அப்போதுதான்.

அவள் ஆட்டோக்காரருடைய கையை மேஜைமேல் பதமாக வைத்துவிட்டுச் சொன்னாள். "வீட்டுக்கு வந்தா நீங்க காபி குடுத்துட்டு உள்ள போயிடறீங்க. உங்களோட எப்படிப் பேசறதுனே எனக்குத் தெரியல. இதுலன்னா, மூணு நாளைக்கு ஒரு தடவையாவது நீங்க எனக்குப் பதில் சொல்லித்தானே ஆகணும். ஆட்டம் எவ்வளவு நாள் இழுக்குதோ அவ்வளவு நாள். அதான் ஆன்ட்டி தோக்காம இருக்கப் பார்த்தேன்."

கண்ணா, கல்லூரி நாளிலிருந்து எத்தனையோ பேரோடு ஆடியிருக்கிறேன். ஜெயிக்க ஆடியவர்கள், பரிசுக்கு ஆடியவர்கள், பொழுது போகாமல் ஆடியவர்கள். என்னிடம் பேச வேண்டும் என்பதற்காக, சரியாகத் தெரியாத ஓர் ஆட்டத்தில், தோற்காமல் இத்தனை நாள் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றவர் யாரும் இல்லை. நான் பையைத் திறந்து போனை எடுத்தேன். கடைசி நகர்த்தலோடும் அவள் அனுப்பியிருந்த டிரா வேண்டுகோள் பதில் இல்லாமல் அப்படியே கிடந்தது. சம்மதம் என்று அழுத்தினேன். அவள் சட்டைப் பையில் இருந்த போன் மணி அடித்தது. அவள் எடுத்துப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள்.

"இன்னா ஆச்சு?" என்றார் ஆட்டோக்காரர்.

"டிராண்ணா."

"அப்படின்னா?"

"ரெண்டு பேரும் தோக்கல."

"யாரும் ஜெயிக்கவும் இல்லியே! இதுக்கா இத்தினி நாளா என் கைய ஒடிச்ச? சரி சரி, காயெல்லாம் மொதல்லேருந்து அடுக்கு. இன்னும் தூக்கணும்னு நீதான சொன்ன" என்று அவர் இடது கையால் வலது கையைத் தூக்கி மறுபடி மேஜைமேல் வைத்தார். மூவரும் சேர்ந்து அடுக்கினோம். சிப்பாய்களை அவர் வைத்தார். நேரமானது. யாரும் அவசரப்படுத்தவில்லை.

இதுதான் நடந்தது. இனி அம்மாவாக இரண்டு விஷயம் சொல்கிறேன், கேட்டுக்கொள். அவள் உதவி கேட்காத இடத்தில் உதவிக்குப் போகாதே. உனக்கு அது அன்பு. அவளுக்கு அது, உன்னால் முடியாது என்று சொல்வது. அவள் முழிக்கட்டும், தப்பான காரணத்துக்காகச் சரியான காரியம் செய்யட்டும், சரியான காரணத்துக்காகத் தப்பும் செய்யட்டும். பக்கத்தில் இரு, போதும். உங்கள் இரண்டு பேரில் யாருக்குச் சம்பளம் அதிகம், யார் வீடு பெரியது, யார் இங்கிலீஷ் நன்றாகப் பேசுகிறார்கள் என்று ஊரும் உறவும் எண் போட்டுக்கொண்டே இருக்கும். நானே போட்டேன். நீ போடாதே. இன்னொன்று, கோபமாக இருக்கும்போது எதையும் நகர்த்தாதே. வாயையும்தான். எனக்கு அன்றைக்கு மூன்று நாள் இருந்தது என்று மேலே எழுதினேனே, வீட்டிலும் அப்படித்தான், யாரும் உன் கழுத்தில் கத்தி வைத்து உடனே பதில் சொல் என்று கேட்பதில்லை. நாம்தான் அவசரப்படுகிறோம். அதோடு, அவள் உள்ளே போய்விட்டால் நீயும் அப்பாவைப் போலப் பேப்பரைப் பிரித்துக்கொள்ளாமல், வாசலில் போய் நின்று ஏதாவது கேள். மழை பெய்கிறதா என்றாவது கேள். பேச்சு அங்கிருந்துதான் தொடங்குகிறது. எனக்கு இந்த வயதில், அவளிடமிருந்துதான் அது தெரிந்தது.

அடுத்த வாரமே நானும் அப்பாவும் அவர்கள் வீட்டுக்குப் போனதும், பதிவுக்குப் பிறகு ஒருநாள் அவர்கள் சர்ச்சில் ஜெபம், ஒருநாள் குன்றத்தூர் மலை என்று பேசி முடித்ததும் உனக்குத் தெரிந்ததுதான். நீ என்னவோ உன் பேச்சுத் திறமையால் நடந்தது என்று உன் நண்பர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தாய். இருக்கட்டும், சொல்லிக்கொள்.

ஒன்று மட்டும் இன்னும் யாருக்கும் சொல்லவில்லை, அப்பாவுக்கும் தெரியாது. அன்றைக்கு அவள் என்னைப் பஸ் ஏற்றிவிட வந்தாள். நிறுத்தத்தில் நிற்கும்போது தோள்பையை இடது கையால் எடுத்து மாற்றிக்கொண்டேன். அவள் பேசிக்கொண்டிருந்ததை நிறுத்திவிட்டு, "ஆன்ட்டி, வலது கை மேல போகலையா?" என்றாள். பல மாதமாகவே போகவில்லை கண்ணா. தோள் இறுகிவிட்டது. தலை பின்ன முடியாமல்தான் முடியைக் குட்டையாக வெட்டிக்கொண்டேன். ஸ்டைலா இருக்கு என்று நீ சொன்னாய். அலமாரியின் மேல்தட்டில் இருந்ததெல்லாம் கீழ்த்தட்டுக்கு வந்துவிட்டது. நீயும் அப்பாவும் பார்க்கவில்லை, நான் காட்டவும் இல்லை. அவள் அந்தப் பஸ் நிறுத்தத்திலேயே, அத்தனை பேர் நடுவில், என் முழங்கையைத் தாங்கிப் பிடித்து, "எந்த இடத்துல வலிக்குதோ அங்க நிறுத்தச் சொல்லுங்க" என்று மெதுவாகத் தூக்கினாள். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. வலி என்று சொன்னேன். முழுக்க வலி இல்லை.

அன்றிலிருந்து தினமும் காலையில் சமையலறைச் சுவரில் விரல்களை ஊன்றி, நண்டு ஏறுவதுபோல ஒவ்வொரு விரலாகக் கையை மேலே ஏற்றுகிறேன். அவள் சொல்லிக் கொடுத்த பயிற்சி. எதுவரை ஏறியது என்று சாயங்காலம் போன் பண்ணிக் கேட்பாள். முதலில் மார்பு உயரம்தான். பிறகு தோள். இப்போது நெற்றியைத் தாண்டிவிட்டது. கல்யாணத்தன்று நீங்கள் காலில் விழும்போது தலையைத் தொட்டு ஆசீர்வதிப்பது யாருக்கும் சுலபம். எனக்கு அது போதாது. நீங்கள் எழுந்து நேராக நிற்கும்போது, இருவர் தலையிலும் இந்த வலது கையை வைக்க வேண்டும் என்று ஆசை. எஸ்தர் குள்ளம், அவளுக்கு எட்டிவிடும். நீதான் உங்கள் அப்பாவைப் போல வளர்ந்துவிட்டாய். தினமும் ஏற்றிக்கொண்டுதான் இருக்கிறேன். அன்றைக்கும் எட்டாவிட்டால், யாருக்கும் தெரியாமல் கொஞ்சம் குனிந்துகொள்.

அம்மா